மூத்திரம், பாகற்கொட்ட, கித்தா பால்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல யாராவது பொண்ணு முழுகாம இருக்கான்னு தெரிஞ்சா போதும், கொஞ்ச நாள்ல என் வாட்சாப்புக்கு ஒரு மெசேஜ் வந்துரும். ஆன்ட்டி பப்பாளி சாப்பிடலாமா, அன்னாசி சாப்பிடலாமா, மாமியார் பாகற்காயக் கூட தொடாதங்கறாங்க உண்மையா. நான் டாக்டர் இல்லம்மான்னு எத்தன தடவ சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல, நீங்கதானே அந்த லேப்புல இருந்தீங்க, அவ்ளோதான் அவங்களுக்கு. சரி, அந்த லேப்புல உக்காந்து நான் என்னத்ததான் செஞ்சேன்னு ஒரு தடவ எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு, எப்படியும் ரிட்டையர் ஆயாச்சு, நேரம் இருக்கு.

அப்பாம்மா ரெண்டு பேரும் பால் மரம் வெட்டுனவங்க. தோட்டத்து தமிழ்ப்பள்ளி, அப்புறம் ரிமூவ் கிளாஸ், பாரம் சிக்ஸ், பினாங்குல டிகிரி. இந்தப் பக்கத்துல என் வயசுக்காரங்க படிச்ச கத எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அத விட்டுருவோம்.

மொத வேல கோலாலம்பூர்ல. கர்ப்ப ஹார்மோன் அளக்கற ஒரு லேப். எச்.சி.ஜி.ன்னு ஒரு புரோட்டீன், கரு வந்து கர்ப்பப்பை சுவத்துல ஒட்டுன ஒடனே அத சுத்தியிருக்கற செல்லுங்க இத சுரக்க ஆரம்பிச்சிரும், நான் வந்துட்டேன், தூரம் வர விடாதன்னு ஒடம்புக்கு சொல்ற சேதி அதுதான், அந்த சேதி போனாத்தான் சினைப்பை புரோஜெஸ்டிரோன நிறுத்தாம குடுக்கும், அப்புறம் நஞ்சுக்கொடி வளந்து அந்த வேலைய தானே எடுத்துக்கும். மருந்துக்கடையில வாங்கற டெஸ்ட் குச்சியில ரெண்டு கோடு விழுதில்ல, அது இந்த எச்.சி.ஜி.யத்தான் புடிக்குது. ஆனா குச்சி இருக்கா இல்லையான்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவுங்கற நம்பர்தான் வேணும். முக்கியமா முத்துப்பிள்ளைம்பாங்களே, புள்ள உருவாகாம உள்ள முழுக்க நீர்க்கொப்புளமா வளந்துரும், அந்தக் கேசுங்களுக்கு. அத எடுத்து கழுவி விட்டப்புறம் எச்.சி.ஜி. வாரா வாரம் எறங்கணும், எறங்காம நின்னாலோ ஏறுனாலோ மிச்சம் இருக்கறது புத்துநோய் பக்கம் திரும்புதுன்னு அர்த்தம், ஒடனே மெத்தோட்ரெக்ஸேட்டுங்கற புத்துநோய் மருந்த ஆரம்பிக்கணும். மேல்நாட்ட விட நம்ம பக்கத்துல இது அதிகம் பாக்கற விஷயம்.

அளக்கற முறைக்கு பேரு ரேடியோ இம்யூனோ அஸ்ஸே, கதிர்வீச்சு அடையாளம் ஒட்டுன ஹார்மோனையும் அத புடிக்கற ஆன்டிபாடியையும் வச்சு அளக்கறது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலின அளக்கறதுக்காக 1950கள் கடைசியில கண்டுபுடிச்சது, யாலோவுக்கு 1977ல நோபல் வந்துச்சு, பெர்சன் பாவம் அதுக்கு முன்னாடியே எறந்துட்டாரு. எச்.சி.ஜி.ல ஒரு வில்லங்கம் என்னன்னா அது ரெண்டு துண்டு சேந்தது, ஆல்ஃபா துண்டுல 92 அமினோ அமிலம், பீட்டாவுல 145, இதுல அந்த ஆல்ஃபா துண்டு சினைப்பைய தூண்டற எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்ட தூண்டற டி.எஸ்.எச். எல்லாத்துலயும் அச்சு மாறாம ஒண்ணுதான். அதனால முழு எச்.சி.ஜி.க்கு ஆன்டிபாடி செஞ்சா அது எல்.எச்.சயும் போய் புடிச்சிக்கும், மாசமாகாத பொம்பளைக்கும் நம்பர் வந்து நிக்கும். 1972ல அமெரிக்காவுல ஜூடித் வைட்டுகைட்டிஸ் குழு பீட்டா துண்ட மட்டும் வச்சு ஆன்டிபாடி செஞ்சு காட்டுனாங்க, இன்னிக்கு வரைக்கும் ரிப்போர்ட்டுல பீட்டா எச்.சி.ஜி.ன்னு போடறது அதனாலதான். அந்த கதிர்வீச்சு அடையாளத்துக்கு நாங்க பயன்படுத்துனது அயோடின் 125, ரெண்டு மாசத்துல பாதி செத்துரும், ஆர்டர் பண்ண பாட்டில் சுங்கத்துல மாட்டிக்கிட்டா காசும் சேந்து செத்துரும்.

சுத்தமான எச்.சி.ஜி.ய வெளிநாட்டுல இருந்து வாங்குனா வெல கட்டுப்படியாகாதுன்னு கொஞ்சத்த நாங்களே எடுத்துப் பாத்தோம். எதுல இருந்து? மாசமா இருக்கறவங்க மூத்திரத்துல இருந்துதான், மூணு மாசத்துக்குள்ள இருக்கறவங்களதா இருக்கணும், அப்பத்தான் அளவு உச்சத்துல இருக்கும். கிளினிக்குக்கு பாட்டில எடுத்துக்கிட்டு போறது என் வேல, காரணம் எனக்கு மூணு பாஷ வரும். மலாய் அக்காமாருங்க சிரிச்சிக்கிட்டே குடுத்துருவாங்க, சீன பொம்பளைங்க எதுக்கு என்னன்னு நூறு கேள்வி கேட்டுட்டு குடுப்பாங்க, நம்ம ஆளுங்கதான் மொகத்த திருப்பிக்குவாங்க. ஒருத்தங்க மாமியார் என்ன தனியா கூப்ட்டு, "ஏம்மா, புள்ளத்தாச்சியோட மூத்திரத்த வாங்கிட்டுப் போயி செய்வினை கிய்வினை வச்சிற மாட்டீங்களே"ன்னு கேட்டாங்க. நான் சிரிக்கல. எங்க லயத்துல, தோட்டத்து வரிச வீட்டுல, நான் வளந்தப்ப வெட்டுன நகத்தக் கூட வெளிய போட விட மாட்டாங்க, அந்த பயம் எனக்கு தெரியும். இதுல இருந்துதான், பெரியம்மா, ஊசி மருந்தே செய்யறாங்கன்னு சொல்லி சமாதானப்படுத்துனேன். குடுத்தாங்க.

அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் குளுருதான். வெளிய முப்பத்திரண்டு டிகிரி வேகுது, நாங்க ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு நாலு டிகிரி கோல்ட் ரூம்ல. புரோட்டீன்னா சும்மா இல்ல, ஒரு நூல சிக்கலாம சுருட்டி வச்ச மாதிரி மடிஞ்சிருக்கற பொருள், சூடு பட்டாலோ நொதி பட்டாலோ மடிப்பு கலைஞ்சிரும், கலைஞ்சா அதுக்கு வேல இல்ல. அதனால அமோனியம் சல்ஃபேட்ட பொடி பொடியா தூவி கலக்கணும், அவசரப்பட்டு கொட்டுனா வேண்டாததும் சேந்து அடியில எறங்கிரும். அப்புறம் பையில கட்டி உப்ப வெளியேத்தணும், அப்புறம் காலம்னு சொல்ற பிரிச்செடுக்கற கொழாய்ல விட்டு சொட்டு சொட்டா ராத்திரி முழுக்க டியூப்ல புடிக்கணும். பக்கெட் பக்கெட்டா மூத்திரத்த கொண்டுவந்து கடைசியில டியூப் அடியில ஒட்டிக்கிட்டிருக்கற மாவு மாதிரி ஒரு துளி வெள்ள. அத பாக்கும்போது வர்ற சந்தோஷத்த வீட்டுல சொல்லி புரிய வைக்க முடியாது, நான் முயற்சியும் பண்ணல.

கொஞ்ச வருஷத்துல அந்த பிராஜெக்ட்டுக்கு பணம் நின்னுருச்சு. எல்லா எடத்துலயும் ரெடிமேட் டெஸ்ட் கிட் வந்துருச்சு, நீங்க எதுக்கு கஷ்டப்படறீங்கன்னாங்க, நியாயம்தான். அப்ப எங்க பாஸ் ஒரு பேப்பர நீட்டுனாரு, சீனாவுல ஒரு கெழங்குல இருந்து எடுக்கற ட்ரைகோசாந்தின்ங்கற புரோட்டீன பத்தி, புடலங்காய் குடும்பத்து கொடி அது. அத ஊசியா போட்டா கரு கலைஞ்சிரும், அங்க ஆஸ்பத்திரியிலயே முத்துப்பிள்ள கேசுக்கெல்லாம் குடுத்திருக்காங்க. எப்படி கலைக்குதுன்னா, எச்.சி.ஜி. சுரக்கற அந்த செல்லுங்க இருக்கே, அதே செல்லுக்குள்ளதான் போயி அத சாகடிக்குது. நான் இத்தன வருஷம் எந்த செல்லு விடற சேதிய அளந்துக்கிட்டிருந்தேனோ அத வாய மூட வைக்கற ஒரு செடி! அதே குடும்பத்துல நம்ம பாகற்காயும் இருக்கு, அதோட கொட்டையில மோமோர்காரின்னு இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி இருக்கு. சரின்னு பாகற்கொட்டையில எறங்கியாச்சு. பசார்ல விக்கறது பிஞ்சு, கொட்ட முத்தியிருக்காது, அதனால லயத்துல வேலியில பழுத்து வெடிச்சு செவப்பா தொங்கும் பாருங்க, அத அம்மா சொல்லி வச்சு சேத்து பேப்பர்ல மடிச்சு பஸ்ஸுல குடுத்து விடுவாங்க.

இந்த புரோட்டீனுங்க எல்லாம் செய்யற வேல ஒண்ணுதான், செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கற ரைபோசோம்ல இருக்கற அடினின்ங்கற ஒரே ஒரு சின்ன துண்ட பேத்து எடுத்துரும். ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கே மிஷின் நின்னுரும். ஆமணக்கு கொட்டையில இருக்கற ரைசின வச்சு 1987ல ஜப்பான்ல எண்டோவும் சுருகியும் இத காட்டுனாங்க, ரைசின்னு ஒரு வெஷம் இருக்குன்னு மட்டும் 1888லயே தெரியும். ரைசினுக்கும் குன்றிமணியில இருக்கற ஆப்ரினுக்கும் கூட ஒரு துண்டு ஒட்டிக்கிட்டிருக்கும், அது செல்லோட கதவ தட்டி உள்ள கூட்டிட்டுப் போகும், அதனாலதான் அது ரெண்டும் ஆள கொல்ற அளவுக்கு வெஷம். பாகற்கொட்ட சரக்குக்கு அந்த துண்டு கெடையாது, சாதாரண செல்லுக்குள்ள லேசுல போகாது. நஞ்சுக்கொடி செல்லு மட்டும் வெளிய இருந்து எதையும் உறிஞ்சி இழுக்கற ஜாதி, அதனால மாட்டிக்குது.

இப்ப மாமியார் விஷயத்துக்கு வரேன். எலிக்கு ஊசி போட்டா கலையுது, சரி, ஆனா யாரு பாகற்காய ஊசியில ஏத்திக்கறாங்க? கொட்டைய எடுத்து போட்டுட்டு கொழம்பு வச்சு சாப்பிடறோம், அடுப்புல பாதி மடிப்பு கலையுது, மிச்சத்த வயித்து அமிலமும் நொதியும் பாத்துக்குது. பப்பாளியும் அப்படித்தான், 2002ல சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்துல எலிய வச்சு செஞ்சு பாத்தாங்க, பழுத்த பப்பாளி சாறு குடிச்ச எலிக்கு கர்ப்பத்துல ஒண்ணும் ஆகல, ஆனா காயில இருந்து எடுத்த பால கர்ப்பப்பை தசையில விட்டா அது இழுத்து சுருங்குச்சு. பழுக்க பழுக்க பால் வத்திரும். அப்ப பாட்டிங்க சொன்னது பொய்யா? காய்க்கு சரியா இருந்தத பழத்துக்கும் சேத்து ஒரே வரியில சொல்லிட்டாங்க, அவங்களுக்கு நாலு மருமகள கட்டி மேய்க்க அந்த ஒரு வரி வசதி. எனக்கு எரிச்சல் வர்றது அவங்க மேல இல்ல. பாகற்கொட்ட பொடி கேன்சர கொல்லும்னு பாட்டில்ல போட்டு விக்கறான் பாருங்க, அவன் மேல. எந்த பாகம், பச்சையா வெந்ததா, வாய் வழியா ஊசி வழியா, எவ்வளவு, இந்த நாலையும் கேக்காம ஒரு செடிய மருந்துன்னாலும் சரி வெஷம்னாலும் சரி நான் காது குடுக்கறதில்ல. வேல எனக்கு சொல்லிக்குடுத்தது மொத்தமே இந்த நாலு கேள்விதான்னு கூட சொல்லலாம்.

கடைசி பத்து பதினஞ்சு வருஷம் கித்தா பால்லயே, அதான் ரப்பர் மரத்துப் பால்லயே, போச்சு, சொந்த ஊருக்கு வந்த மாதிரி. 1980கள்ல எய்ட்ஸ் பயத்துல ஒலகம் முழுக்க ரப்பர் கையுறைய மாட்ட ஆரம்பிச்சாங்க, நம்ம நாட்டுல ஃபேக்டரிங்க மடமடன்னு வந்துச்சு, பின்னாடியே நர்சுங்களுக்கு அரிப்பு, தும்மல், சில பேருக்கு மூச்சே அடைச்சிக்கிச்சு. 1991ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. எச்சரிக்க விட்டுச்சு. ரப்பர்னு நெனச்சா அதுல ஒட்டிக்கிட்டு வர்ற மரத்தோட புரோட்டீனுங்கதான் காரணம். எந்த புரோட்டீன்னு பிரிச்சு பாக்கணும்னா மரத்தடியில இருந்து பால புதுசா ஐஸ்ல புடிக்கணும், அதுவும் விடியறதுக்கு முன்னாடி.

எனக்கு வேடிக்க என்னன்னா, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, தோட்டத்துல பேர் கூப்பிடற எடத்துக்கு, ஓடணும்னு அப்பாம்மா வாழ்க்க பூரா எழுந்தாங்களே, அதோட காரணத்த நான் லேப்புலதான் படிச்சேன். பட்டைக்குள்ள இருக்கற பால் கொழா எல்லாம் உயிருள்ள செல்லு, ராத்திரியில தண்ணி ஏறி வெறப்பா இருக்கும், வெட்டுன ஒடனே பீச்சும், வெயில் ஏறுனா எல வழியா தண்ணி போயி அழுத்தம் கொறஞ்சிரும். அப்புறம் ஏன் தானா நின்னு போகுது? பால்ல லூட்டாய்டுன்னு குட்டி குட்டி பை இருக்கு, வெட்டு வாயில அது ஒடஞ்சு உள்ள இருக்கற சரக்கு ரப்பர் துளிங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சு அடைச்சிரும், மரத்துக்கு ரத்தம் கட்டற கணக்கு. சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துனா மேல வெள்ளையா ரப்பர், நடுவுல தெளிஞ்ச நீர், அடியில மஞ்சளா இந்த லூட்டாய்டு. அந்த அடி சரக்குல ஹெவீன்னு ஒரு குட்டி புரோட்டீன் மண்டிக் கெடக்கும், 43 அமினோ அமிலம்தான், உள்ள நாலு கந்தக முடிச்சு போட்டிருக்கறதால சூட்டுக்கும் அவ்வளவா அசையாது. மரத்துக்கு அது காவல், பூஞ்சக்காளானோட சுவத்த புடிக்கும். நர்சுக்கு அதுதான் வென. கையுறைய நல்லா கழுவி எடுத்தாலே புரோட்டீன் நெறைய கொறையும், பவுடர் போடாம விட்டா காத்துல பறக்காது. 2017ல அமெரிக்காவுல பவுடர் போட்ட மருத்துவ கையுறையவே தட பண்ணிட்டாங்க. இதே ஹெவீன் சாயல் வாழப்பழம், அவகாடோ, பப்பாளியில இருக்கற சில புரோட்டீன்லயும் உண்டு, அதனால ரப்பர் ஆகாத சில பேருக்கு இந்த பழமும் ஆகாது.

அம்மா ஒரு தடவ லேப்புக்கு வந்தப்ப அந்த மூணு அடுக்கு டியூப வெளிச்சத்துல தூக்கி காட்டுனேன். அவங்க பாத்துட்டு, "மருந்து தடவி தடவி பால இழுத்தா பட்ட வறண்டுரும்னு நாங்க கங்காணிகிட்ட அப்பவே சொன்னோம், எவன் கேட்டான்"னாங்க. மருந்துன்னு அவங்க சொன்னது எத்திஃபோன், அது எத்திலீன் விட்டு அடைப்ப தள்ளிப்போடும், பால் நிக்காம ஓடும், அளவுக்கு மீறுனா லூட்டாய்டு கெட்டு பட்ட காய்ஞ்சிரும், பேப்பர்ல நாங்க எழுதறதும் அதேதான். இப்ப எங்க தோட்டத்துல கித்தாவே இல்ல, எல்லாம் செம்பன. கோலகங்சார் போனா, 1877ல வந்த கன்னுங்கள்ல ஒண்ணுன்னு சொல்லி ஒரு கெழட்டு மரத்த வேலி போட்டு வச்சிருக்காங்க, அத போய் பாத்துக்கலாம்.

இப்பவும் சில நேரம் பழைய எச்.சி.ஜி. என்ன தேடி வந்துரும். போன வருஷம் பக்கத்து தாமான் பொண்ணு ஒண்ணு, ஈப்போவுல கொழந்தைக்காக ட்ரீட்மென்ட், முட்டைய பழுக்க வைக்க எச்.சி.ஜி. ஊசி போட சொல்லியிருக்காங்க, போட்டு ஒன்றர நாளுக்குள்ள முட்டைய எடுக்கணும். புருஷனும் பொண்டாட்டியும் சுத்த சைவம். "ஆன்ட்டி, இது எதுல இருந்து எடுக்கறாங்க?" நான் மறைக்கல, மூத்திரத்துல இருந்துன்னேன். அந்த தம்பி மொகம் போன போக்கு. வேற கம்பெனிது இருக்கு தம்பி, அது மூத்திரம் இல்லன்னேன், அப்பாடான்னாரு, அது ஹேம்ஸ்டர் எலியோட சினைப்பை செல்ல வளத்து அதுல இருந்து எடுக்கறதுன்னு சொன்னதும் மறுபடி உக்காந்துட்டாரு. அந்த பொண்ணுதான் பையில இருந்து சீட்ட எடுத்து, "வெல எது கம்மி ஆன்ட்டி, அத சொல்லுங்க"ன்னுச்சு. மூத்திரந்தான் கம்மியா இருக்கும், எதுக்கும் டாக்டர கேட்டுக்கன்னேன். சரின்னு அதையே எழுதி வாங்கப் போயிருச்சு.