விலை ஏறுமா மேடம்?

"பேர்தான் பாய் வேற. ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான்."

வட்டியையும் வியாபார லாபத்தையும் பற்றி 2019 ஜனவரியில் நான் சொன்னது இது. அப்போது சென்னை மண்ணடியில் ஒரு வங்கிக் கிளையில் கடன் மேஜையில் இருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு பைண்டிங் பட்டறை. ஆண்டர்சன் தெருக் கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வெட்டி மடித்துக் கொடுப்பார். 6 லட்சத்தில் ஒரு பேப்பர் கட்டிங் மிஷின் வாங்க வேண்டும். பணம் வேண்டும், வட்டி கூடாது. சேமிப்புக் கணக்கில் விழுகிற வட்டியைக்கூடக் கவுண்டரில் கேட்டு, பைசா சுத்தமாக எடுத்து, நன்மை கிடைக்கும் என்ற நினைப்பில்லாமல் யாருக்காவது கொடுத்துவிடுகிற மனிதர்.

"மிஷினை பேங்க்கே வாங்கட்டும் மேடம். 6 லட்சத்துக்கு வாங்கி எனக்கு 8 லட்சத்துக்கு வித்துடுங்க. அஞ்சு வருஷத்துல கட்டி முடிச்சிடறேன்" என்றார். துபாயில் இருக்கும் மச்சான் கார் வாங்கியது அப்படித்தானாம். முராபஹா என்பது அதன் பெயர். வங்கி பொருளை முதலில் தன் பேரில் வாங்க வேண்டும், அடக்க விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்க வேண்டும்.

இங்கே அதற்கு வழியில்லை என்றேன். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8வது பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. ரகுராம் ராஜன் குழு 2008லேயே வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிசெய்யச் சொன்னது. 2017ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தாமல் கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன். 12 சதவீதம், 60 தவணை, மாதம் 13,347 ரூபாய். கூட்டினால் 8 லட்சத்து 820. "நீங்க சொன்ன அதே 8 லட்சம்தான் பாய். இதை ஏன் வட்டின்னு நினைக்கறீங்க? பேங்க்கோட லாபம்னு நினைச்சுக்கோங்க. மிஷினோட விலை 8 லட்சம், அவ்வளவுதான்."

அவர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "மிஷின் வர்ற வழியில உடைஞ்சா யார் பொறுப்பு மேடம்?"

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே."

ரெண்டு நாள் கழித்து வந்து கையெழுத்துப் போட்டார்.

நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இந்தப் பக்கம் தண்டல் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஜமாஅத்தில் நகையை வைத்தால் வட்டியில்லாமல் கொடுப்பார்கள், ஆனால் அந்தத் தொகையில் மிஷினின் கத்திகூட வராது. என்னிடம் இல்லாமல் வேறெங்கே போயிருப்பார்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதம் எனக்கு டார்கெட் பாக்கி இருந்ததும் உண்மை.

13 தவணை ஒழுங்காகக் கட்டினார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாண மண்டபங்கள் மூடிவிட்டன, பத்திரிகைக்கு ஆளில்லை. தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதமும் பிறகு ஆகஸ்ட் 31 வரையும் அவகாசம் கொடுத்தது. நானே போன் செய்து, "கவலைப்படாதீங்க பாய், ஆறு மாசம் கட்ட வேணாம்" என்றேன். துஆ செய்கிறேன் என்றார்.

செப்டம்பரில் முகக்கவசத்தோடு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பாக்கி சுமார் 4,98,500 ஆக இருந்தது. கட்டாத ஆறு மாத வட்டியும் சேர்ந்து இப்போது 5,29,200. அந்த இரண்டு எண்களுக்கும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"நீங்க விலைன்னு சொன்னீங்க மேடம். பொருளை வாங்கினப்புறம் விலை ஏறுமா?"

குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. "சிஸ்டம் போடற கணக்கு பாய்" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

வட்டிக்கு வட்டியை மட்டும் அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது. நவம்பரில் அவர் கணக்கில் சுமார் 750 ரூபாய் வந்தது. ஆறு மாதம் கட்டாமல் இருந்ததற்கு, கடைசியில் கிட்டத்தட்ட நான்கு தவணை கூடுதலாகக் கட்டினார். நான் சொன்ன 8 லட்சம் எட்டரை லட்சமாயிற்று.

முராபஹாவாக இருந்திருந்தால் 8 லட்சம் 8 லட்சமாகவே நின்றிருக்கும். நேரம் போவதால் கடன் வளரக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படையே. நல்ல நாளில் இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் தெரியும். நான் காட்டியது நல்ல நாள் கணக்கு. பிறகு ஒருநாள் குர்ஆன் தமிழாக்கத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 275வது வசனத்தைத் தேடிப் படித்தேன். வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கும் அதே வசனத்தில், வட்டி வாங்குகிறவர்களின் வாதமும் இருக்கிறது: வியாபாரமும் வட்டியைப் போன்றதுதான் என்று அவர்கள் சொல்கிறார்களாம். நான் சொன்ன அதே பேச்சு. ஐந்து வசனம் தள்ளி, கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று வருகிறது. பாய்க்கு இது மனப்பாடமாக இருந்திருக்கும். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆறு மாதமும் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களுக்கு எங்கள் கிளை டெபாசிட் வட்டி கொடுத்தது. அவர்கள் மாத்திரை வாங்கியது அதில்தான். முதாரபா என்ற இஸ்லாமிய டெபாசிட் முறையில் டெபாசிட்காரரும் லாப நஷ்டத்தில் பங்காளி. "இந்த மாசம் லாபம் இல்லை பெரியவரே" என்று அவரிடம் சொல்ல என்னால் முடியுமா? இஸ்லாமிய வங்கிகள் பலவும் லாப விகிதத்தைச் சந்தை வட்டியைப் பார்த்துத்தான் வைக்கின்றன. முன்கூட்டியே கட்டி முடித்தால் எங்களிடம் மீதி வட்டி தானாகக் குறையும், முராபஹாவில் பேசிய விலை பேசியதுதான், தள்ளுபடி வங்கி மனம் வைத்தால் உண்டு. இதெல்லாம் சரியான வாதங்கள்தான். ஆனால் அந்த இரண்டு வட்டங்களுக்கு முன்னால் இவற்றை வைத்தால், கொரோனாவின் மொத்த பாரமும் ஏன் பட்டறைக்காரர் தலையில் மட்டும் விழுந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2024 நவம்பரில் கடன் முடிந்தது. பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்க மகனோடு வந்தார். வாங்கிக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் நின்றுகொண்டார். மகன் மட்டும் உட்கார்ந்தான். இரண்டாவதாக ஒரு மிஷின் வாங்க வேண்டுமாம். "வட்டி எவ்வளவு மேடம்?"

விகிதத்தைச் சொன்னேன். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் தாளில் போட்டுக் காட்டினேன். லாபம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. 2019லும் எடுக்காமல் இருந்திருந்தால் பாய் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார். முதல் மிஷினும் வந்திருக்காது. மகன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அத்தாவைக் கேட்டுட்டு வரேன்" என்று வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் படித்தார்.