குழல் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

308 வகைத் தோட்டா சுடும் என் ரைஃபிளின் குழலை நேற்று மாற்றினேன். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால், குழலின் உட்புறச் சுழல் வரிகளான ரைஃப்ளிங் தொடங்கும் இடம் வெப்பத்தில் அரித்து, பாம்புச்சட்டை போல வெடிப்புகள் விழுந்திருந்தன. அதோடு குறியும் சிதறத் தொடங்கியிருந்தது.

என்னுடையது சாவேஜ் 110. 1958-இல் வந்த இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, குழலைப் பிடித்திருக்கும் நட்டு. குழலை முன்னும் பின்னும் திருகி ஹெட்ஸ்பேஸை, அதாவது அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டா உறை முட்டி நிற்கும் இடம்வரை உள்ள தூரத்தை, நாமே அமைத்துக்கொள்ளலாம். நட்டு இல்லாமல், தோள்பட்டை போன்ற விளிம்பு வைத்துக் கடையும் குழல்களில் அந்த அளவைக் கடைசல் எந்திரத்திலேயே முடித்தாக வேண்டும்.

பழைய நட்டு அசையவே இல்லை. இழைகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன். காலையில் ஒரே இழுப்பில் கழன்றது.

போல்ட்டிலிருந்து, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியையும் உறையை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டேன். அவற்றின் ஸ்பிரிங்குகள் இருந்தால் கைக்கு உண்மை தெரியாது. ஹெட்ஸ்பேஸை அளக்க இரண்டு கேஜ்கள், அதாவது தோட்டா வடிவ அளவுக்கட்டைகள் உண்டு: 'கோ'வில் போல்ட் மூட வேண்டும், சற்று நீளமான 'நோ-கோ'வில் மூடக்கூடாது. 'கோ' கேஜை வைத்து போல்ட்டை மூடி, கேஜைத் தொடும்வரை குழலைத் திருகி, நட்டை இறுக்கினேன். மறுபடி சோதித்தால் 'நோ-கோ' கேஜிலும் போல்ட் இறங்கியது! இறுக்கும்போது குழல் மயிரிழை நகர்ந்திருக்கிறது. இரண்டு கேஜ்களுக்கும் இடையே வித்தியாசமே அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்குதான். ஹெட்ஸ்பேஸ் மிஞ்சினால் தோட்டா உறை கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம்.

நட்டைத் தளர்த்தி மீண்டும் தொடங்கினேன். மூன்றாம் முறை 'கோ'வில் கைப்பிடி தன் எடையிலேயே விழுந்தது. 'நோ-கோ'வில் பாதியில் நின்றது.