மரமஞ்சளோடு இரண்டரை வருடம்

என் அப்பாயியின் முதுகில் தினமும் காலையில் ஒரு சின்ன மருந்துப் பட்டை ஒட்டுவோம். ரிவாஸ்டிக்மின், அல்சைமர் என்ற மறதி நோய்க்கான மருந்து. 24 மணி நேரம் கழித்து அதை உரித்துவிட்டு வேறு இடத்தில் புதியது ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்துக்கு 14 நாள் கழித்துத்தான் திரும்ப வரலாம். குழப்பம் வரக்கூடாது என்று அத்தை ஸ்கெட்ச் பேனாவால் அதன்மேலேயே தேதி எழுதிவிடுவார்.

அந்த மருந்துக்கு வேர் ஒரு விஷக்கொட்டை. நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தின்னவைத்துச் சோதித்த அவரை விதை. அதிலிருந்து பிரித்த பைசோஸ்டிக்மினின் அமைப்பைப் பின்பற்றித்தான் ரிவாஸ்டிக்மினை உருவாக்கினார்கள். இதைப் படித்த நாளில்தான் என் பிஎச்டி எதைப் பற்றி என்று முடிவானது.

அல்சைமரில் மூளைக்குள் நரம்புகள் ஒன்றோடொன்று பேச உதவும் அசிட்டைல்கோலின் குறைந்துகொண்டே போகும். மிச்சமிருப்பதையும் ஒரு என்சைம் உடைத்துவிடும். ரிவாஸ்டிக்மின் தடுப்பது அந்த என்சைமைத்தான். அதைத் தடுக்கிற வேறு மூலக்கூறை மரமஞ்சள் என்ற மூலிகையில் தேடுவது என் வேலை.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்தேன். என் ஆய்வு வழிகாட்டி, எங்கள் பேச்சில் கைடு, தொடவே இல்லை. மரமஞ்சள் என்ற பெயரில் கடைக்குக் கடை வேறு செடி இருக்கும். வடக்கே தாருஹரித்ரா என்றால் பெர்பெரிஸ், நம் பக்கம் கொசினியம். காட்டில் போய் வெட்டவும் மனசு வரவில்லை, அழிந்துவரும் கொடி அது. வளர்ப்புத் தோட்டத்தில் தண்டு வாங்கி, தாவரவியலாளரிடம் காட்டி உறுதிசெய்து, மாதிரியை ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் சேர்த்து எண் வாங்குவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் சோதனை. எல்மன் முறையில் என்சைம் வேலை செய்தால் சோதனைத் தட்டின் குழியில் மஞ்சள் நிறம் ஏறும், தடுத்தால் ஏறாது. 412 நானோமீட்டரில் அளப்போம். ஒப்பிட்டுப் பார்க்க கேலன்டமைன். அதுவும் பனித்துளிப் பூச்செடியிலிருந்து வந்து, 2001-ல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி பெற்ற மருந்துதான். என் மரமஞ்சள் சாறோ தானே மஞ்சள். முதல் மூன்று வாரத்து எண்கள் அத்தனையும் வீண். ஒவ்வொரு குழிக்கும் என்சைம் சேர்க்காத ஜோடிக் குழி வைத்து, சாற்றின் சொந்த நிறத்தைக் கழித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. தடுக்கிறது, நன்றாகவே தடுக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரித்துப் பிரித்து, எட்டு மாதம் கழித்து ஒரு தூய பொடி கைக்கு வந்தது. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழே கலவையைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் எலுமிச்சை நிறத்தில் பளீரென்று ஒளிர்ந்தது. மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 336. கைடு திரையைப் பார்த்ததுமே, "பெர்பெரின்ப்பா" என்றார். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த மூலக்கூறு. சாற்றை முதல் வாரமே மாஸில் ஓட்டியிருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெர்பெரினை மருந்தாக்குவதில் என்ன சிக்கல்? அதன் நைட்ரஜனில் நிரந்தரமாக ஒரு நேர்மின்சுமை இருக்கிறது. வாயால் சாப்பிட்டால் ரத்தத்துக்கு வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வருவதையும் மூளையின் வாசலில் பி-கிளைகோபுரோட்டீன் என்ற பம்ப் வெளியே தள்ளும். பைசோஸ்டிக்மின் மூளைக்குள் போகும், அதே குடும்பத்து நியோஸ்டிக்மின் போகாது. காரணம் இதே சுமைதான்.

சரி, சுமையை எடுத்துவிடலாம் என்று மெத்தனாலில் கரைத்து சோடியம் போரோஹைட்ரைடைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். நுரைத்தது. கண்ணெதிரே அந்த அடர்மஞ்சள் வெளுத்து, வெள்ளைப் பொடியாகப் படிந்தது. மூளையின் வாசலுக்குப் பதிலாக, பன்றி மூளைக் கொழுப்பு தடவிய செயற்கைச் சவ்வில் ஒரு ராத்திரி வைத்தோம். பெர்பெரின் வைத்த பக்கமே நின்றது, புதியது கடந்து போயிருந்தது. லேபில் கத்தியே விட்டேன். மறுநாள் என்சைம் சோதனையில் தடுக்கும் திறன் பல மடங்கு சரிந்திருந்தது. என்சைமின் உள்ளே ட்ரிப்டோஃபான் 86 என்ற அமினோ அமிலத்தில் போய்ப் பிடித்துக்கொள்ள அந்தச் சுமைதான் உதவியிருக்கிறது. வாசலில் தடுத்ததும் அதுவே, உள்ளே பிடித்ததும் அதுவே. இந்த முடிச்சு என்னை இன்னும் விடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை கேட்டார்: "ஏன்டா, அந்த மரமஞ்சளையே கஷாயம் வெச்சு ஆத்தாவுக்குக் குடுக்கலாமா?" வேண்டாம் அத்தை என்றேன். பெர்பெரின் மூளைக்குப் போகிறதோ இல்லையோ, ஈரலில் மற்ற மருந்துகளை உடைக்கும் என்சைம்களைத் தடுக்கும். அப்பாயி சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். "அப்ப அந்தப் பட்டை?" அது நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் தேதியை எழுதினார்.

இப்போது சுமையில்லாத அமைப்பிலேயே வேறோர் இடத்தில் நைட்ரஜன் உள்ள ஒரு அமைன் வாலைச் சேர்த்துப் பார்க்கிறேன். கேலன்டமைன் மாதிரி, புரோட்டானை ஏற்கவும் விடவும் முடிகிற வால். இதுவரை ஏழு சேர்மங்கள். நான்கு சவ்வைக் கடந்தன. தடுக்கும் திறனில் ஒன்றுகூட இன்னும் கேலன்டமைனை எட்டவில்லை. எட்டாவதை நேற்று இரவு பிளாஸ்கில் ஏற்றிவிட்டு வந்தேன்.