குளத்தில் 8.5 காட்டும் பி.எச். மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

வன்னாமி இறால் குளத்தில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) காலையில் 7.8, மதியம் மூன்று மணிக்கு 8.3 என்று போய்க்கொண்டிருந்தால் கவலையில்லை. ஒரே நாளில் 0.5-க்கு மேல் ஏறி இறங்கினால் பாசியைக் கவனிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், மீட்டர் சரியில்லாவிட்டால் இந்த ஏற்ற இறக்கத்தையே அது சுருக்கிக் காட்டிவிடும். தண்ணீரில் உண்மையில் 8.8 இருக்கும், திரையில் 8.5 தெரியும். அந்த 0.3 வித்தியாசத்தில் நஞ்சாகும் அம்மோனியாவின் பங்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் காரணம், 7 பஃபரில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) மட்டும் வைத்து காலிபரேட் செய்துவிட்டு, அதாவது மீட்டரை அந்த எண்ணுக்குச் சரிசெய்துவிட்டு, நிறுத்துவதுதான். அது தொடக்கப் புள்ளியை மட்டும் சரிசெய்யும். தண்ணீரில் நனையும் எலக்ட்ரோடு பழசாகப் பழசாக, பி.எச். ஒன்று மாறும்போது அது தரும் மில்லிவோல்ட் குறைந்துகொண்டே வரும். பி.எச். ஒன்றுக்கு வரும் இந்த மில்லிவோல்ட்டைத்தான் ஸ்லோப் என்கிறோம். குறையில்லாத எலக்ட்ரோடில் 25 டிகிரியில் அது 59.16 மில்லிவோல்ட், 30 டிகிரியில் 60.15. ஸ்லோப்பைத் திருத்த இரண்டாவது பஃபர் வேண்டும். குளத்துத் தண்ணீர் 7-க்கு மேல்தான் இருக்கும் என்பதால் அந்த இரண்டாவது 9.18 ஆகவோ 10.01 ஆகவோ இருக்கட்டும். பேனா மீட்டரோடு வரும் 4.01 பாக்கெட்டை இந்த வேலைக்கு எடுப்பதில் பயன் குறைவு.

பஃபர் பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. பாக்கெட்டில் 250 மி.லி. என்று போட்டிருந்தால், அதில் பத்து மி.லி. கூடக் குறைய ஆனால் பயப்பட வேண்டாம். 7-க்குப் பதிலாக வரும் 6.86 பஃபரை இரண்டு மடங்காக நீர்த்தாலும் 0.08 தான் மாறும், அதுதான் பஃபரின் குணம். கெடுவது வேறு வழியில். 9.18, 10.01 இரண்டும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கீழே இறங்கும். இறங்கிய பஃபரை 9.18 என்று நம்பி மீட்டரை அதற்கு ஏற்றினால், குளத்தில் எல்லா அளவும் கூடுதலாக வரும். மூடியை உடனே மூடுங்கள். எலக்ட்ரோடு நனைத்த பஃபரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

இன்னொரு பொறி, பஃபர் செட். மீட்டர் 4.01, 7.00, 10.01 செட்டில் இருக்க, நீங்கள் 6.86 பாக்கெட்டைக் கரைத்து வைத்தால், அது தானாகவே ‘7.00’ என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் எல்லா அளவும் 0.14 கூடவே நிற்கும். செட்டிங்கில் பஃபர் வகையை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

எலக்ட்ரோடைக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுங்கள். நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழைத் தேய்த்தால் நிலைமின்னேற்றம் வந்து அளவு அலையும். முதலில் 6.86: லேசாகக் கலக்கி, எண் அசையாமல் நின்றபின் உறுதிசெய்யுங்கள். கழுவி, ஒற்றி, அடுத்து 9.18. பஃபர் 30 டிகிரியில் இருந்தால் அவற்றின் உண்மை மதிப்பு 6.85, 9.14. தானாக வெப்பம் திருத்தும் மீட்டர் இதைப் பார்த்துக்கொள்ளும், திருகாணி வைத்த பேனாவில் நீங்கள்தான் அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும்.

‘காலிபரேஷன் ஓகே’ என்று திரை சொன்னால் போதாது, மில்லிவோல்ட்டைப் பாருங்கள். 30 டிகிரியில் இந்த இரண்டு பஃபருக்கும் இடையே 137.7 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 6.85-இல் +4, 9.14-இல் −128 வந்தால் வித்தியாசம் 132, ஸ்லோப் 96 சதவீதம், நல்ல எலக்ட்ரோடு. −114 மட்டுமே வந்தால் 86 சதவீதம். மேலே சொன்ன 8.8, 8.5 கதை இந்த எலக்ட்ரோடில்தான், ஒரே புள்ளியில் காலிபரேட் செய்தால், நடக்கும். 95-க்குக் கீழே போனதும் சுத்தம் செய்யுங்கள். மில்லிவோல்ட் காட்டாத பேனா என்றால், ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு இரண்டு பஃபரிலும் வையுங்கள். திரை எண்களின் வித்தியாசம் 2.18-க்குக் குறைந்தால், ஸ்லோப் 95-க்குக் கீழே போய்விட்டது, சுத்தம் செய்ய வேண்டும். எல்லா பஃபரிலும் ஒரே எண் வந்தால் குமிழ் விரிசல்விட்டிருக்கும், வேறு வாங்க வேண்டியதுதான்.

பாசிப் படலத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். சுண்ணாம்பு போடும் குளங்களில் வெள்ளைப் படிவு சேரும். அதற்கு 120 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு (அமிலத்தைத் தண்ணீரில்தான் விட வேண்டும்) 15 நிமிடம் ஊறவையுங்கள். பின்பு கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.

வைக்கும்போது மூடிக்குள் அதே கரைசல் சில சொட்டு இருக்கட்டும்: 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கினால் 3 மோலார். உரக்கடைச் சிவப்புப் பொட்டாஷ் இதற்கு ஆகாது, ஆய்வகத் தரம் வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் உப்பு வெளியே போய்விடும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புதான், கழுவினால் போகும்.