315 டிகிரியை விட்டதும் தலைகாட்டிய முயல் மேடுகள்

ஒருவழியாக லெகிஸ் டார் சரிவிலும் தலையணை மேடுகள், அதாவது முயல் வளர்க்க அந்தக் காலத்தில் போட்ட நீள மண்மேடுகள், திரையில் ஏறிவிட்டன. இங்கிலாந்தின் டார்ட்மூரில் பிளிம் ஆற்றின் மேல்பகுதியை லைடாரில் (விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த தரை உயரத் தரவில்) துழாவிக்கொண்டிருப்பது பழைய கதை. டிட்ஸ்வொர்தி, டிரவுல்ஸ்வொர்தி முயல் பண்ணைகளும் அந்த ஆற்றங்கரையில்தான்.

படுத்தியெடுத்தது ஹில்ஷேட், அதாவது ஒரு பக்கத்திலிருந்து செயற்கை வெளிச்சம் அடித்து நிழலில் மேடுபள்ளம் காட்டும் படம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் வெளிச்சத்தை வடமேற்கில், 315 டிகிரியில் நிறுத்தியிருப்பார்கள். முயல் மேட்டையோ, மழைநீர் வடிய வேண்டுமென்று, பெரும்பாலும் சரிவு இறங்கும் போக்கில்தான் போட்டார்கள். லெகிஸ் டார் பக்கம் நிலம் தென்கிழக்காக ஆற்றுக்கு இறங்குகிறது. அப்புறம் என்ன, வெளிச்சம் மேட்டின் நீளவாக்கிலேயே ஓடிவிடும், பக்கத்தில் நிழலே விழாது. மேட்டின் அகலம் ஐந்தாறு மீட்டர், உயரம் முழங்காலோ இடுப்போ. பிக்சலுக்கு 1 மீட்டர் என்ற தரவில் சுற்றுப்பள்ளத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். திசையை 45 டிகிரிக்குத் திருப்பி, சூரிய உயரத்தை 20 டிகிரிக்கு இறக்கியதும் மேடுகள் வரிசையாக எழுந்து நின்றன, பள்ளம் உட்பட! இந்த 315ஐ யார்தான் எல்லார் தலையிலும் கட்டினார்களோ.

சரி, அதோடு விடவில்லை. சுற்றுவட்ட உயரங்களைச் சராசரியாக்கித் தரையை வழவழப்பாக்கி, அதை அசலிலிருந்து கழித்தும் பார்த்தேன். சராசரி எடுக்கும் வட்டத்தின் ஆரம் 5 மீட்டர் என்றால் மேடே கரைந்துபோகிறது, 50 என்றால் மலைச்சரிவு மிச்சமாகிறது. 20 பக்கம் வைத்தால் கச்சிதம். ஸ்லோவேனியாக்காரர்களின் ஆர்.வி.டி. (Relief Visualization Toolbox) என்ற மென்பொருள் கருவி இதையெல்லாம் இலவசமாகவே செய்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரு செருகுநிரலைவிட எவ்வளவோ தேவலை.

ஓடை மண்ணை அலசி வெள்ளீயம் எடுத்தவர்கள் விட்டுப்போன கழிவுக் குவியல்கள்தான் தொல்லை. அவையும் நீளம், அவையும் வரிசை. ஆனால் அவை ஓடைப் படுகையை ஒட்டி வளைந்து கிடக்கும், சுற்றுப்பள்ளமும் இருக்காது. வயதை மட்டும் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. டிரவுல்ஸ்வொர்தி இடைக்காலப் பண்ணை. ஹன்டிங்டன் பண்ணையில் 19ஆம் நூற்றாண்டில் போட்டவையும் பார்வைக்கு இதே மாதிரிதான்.

முயலைத் தின்ன வரும் ஸ்டோட், வீசல் என்ற கீரி மாதிரியான சின்ன விலங்குகளைப் பிடிக்கக் கட்டிய கல்பொறிகள் இந்தத் தரவில் சிக்கவே மாட்டேன் என்கின்றன. அவற்றுக்குள் விலங்கைத் திருப்பிவிடும் குட்டைச் சுவர்களாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இந்தச் சரிவை முப்பரிமாணத்தில் அச்சடிக்கும் ஆசை வேறு வந்துவிட்டது. உயரத்தை மூன்று மடங்காக்கினால்தான் மேடு விரலுக்குத் தட்டுப்படும். கடைக்காரர் சொன்ன விலை தலைசுற்ற வைத்ததால் வேறு ஆள் தேடுகிறேன். இன்னொரு முயல் பண்ணையான ஹென்டார் பக்கத்துத் தரவை இன்னும் இறக்கக்கூட இல்லை.