இடது பக்கம் திரும்பாத ஆர்.சி. கார்: சர்வோவை மாற்றிய பிறகும் வேலை முடியவில்லை

போன மே மாதம் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரி வற்றிக் கிடந்தது, நானும் மகனும் சாயங்காலமானால் ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். 1/10 அளவு, நான்கு சக்கரமும் இழுக்கும் ட்ரக் வகை, இன்னொருவர் ஓட்டியதை வாங்கியது. ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கி ஒரு கல்லில் மோதிய பிறகு அவன்தான் முதலில் கவனித்தான். “அப்பா, லெஃப்ட் எடுக்கவே மாட்டேங்குதுப்பா, ஏதோ அரைக்கிற மாதிரி சத்தம் வருது.” வலது பக்கம் ஒழுங்காகத் திரும்பியது, இடது பக்கம் பாதியில் ‘கர்ர்ர்’ என்று நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து முதலில் பேட்டரியைப் பார்த்தேன். 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), மல்டிமீட்டரில் 7.9 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. ரிமோட்டில் ட்ரிம், அதாவது சக்கரத்தின் நேர்நிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு, நடுவில்தான் இருந்தது. சரி, கோளாறு ரிமோட்டிலா, ரிசீவரிலா, சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டியான சர்வோவிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது: சர்வோ ஒயரை ரிசீவரில் ஸ்டியரிங்குக்கான முதல் சேனலிலிருந்து பிடுங்கி, வேகத்துக்கான இரண்டாவதில் சொருகி, ட்ரிகரை அழுத்திப் பார்ப்பது. ஆனால் ரிசீவருக்குக் கரண்ட் வருவதே ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வழியாகத்தான், அதனால் அதை முதல் சேனலுக்கு மாற்றியாக வேண்டும், அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் மோட்டார் ஓடும். மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள், கார் மேஜையிலிருந்து பாய்ந்துவிடும். மாற்றிப் பார்த்தபோதும் அதே இடத்தில் அதே சத்தம். அப்போ சர்வோதான்.

உறுதி செய்துகொள்ள, சர்வோவைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான லிங்கைக் கழற்றிவிட்டு, சர்வோவை மட்டும் தனியாக ஒரு சர்வோ டெஸ்டரில் மாட்டினேன். ஒரு குமிழ் இருக்கும் சின்னப் பெட்டிதான், 4 பென்சில் செல் போதும். இங்கே கொஞ்சம் குழம்பிவிட்டேன், ஏனென்றால் சுமை இல்லாதபோது சர்வோ இரண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரி திரும்பியது. சத்தமே இல்லை. ஒரு மணி நேரம் சக்கரம், லிங்க் எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோன்றியது, பல் உடைந்திருந்தால் சுமை வந்தால்தானே வழுக்கும்? சர்வோவின் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் சின்னக் கையான ஹார்னை விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு குமிழைத் திருப்பினேன், அதே ‘கர்ர்ர்’. கரண்டை நிறுத்திவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றியபோதும் அந்த ஒரு இடத்தில் மட்டும் பிடிமானம் இல்லாமல் நழுவியது.

அடியில் இருந்த 4 நீள ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைத் திறந்தேன். திறந்ததும் கியர் அடுக்கை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது எதன்மேல் இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது. எல்லாம் நைலான் கியர், கிரீஸ் முழுக்க வெள்ளைத் தூள், ஒரு கியரில் வரிசையாக 2 பல் காணோம். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் நன்றாகவே இருந்தது. அது தேய்ந்திருந்தால் நோயே வேறு மாதிரி இருக்கும், நடுவில் நிறுத்தினாலும் ஹார்ன் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

கியரை மட்டும் மாற்றலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு கியர் தனியா வராது சார், புதுசு போட்டுருங்க. ஆனா ஷாஃப்ட்ல எத்தனை பல்லுன்னு எண்ணினீங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டது பெரிய உதவி. ஹார்ன் உட்காரும் அந்த ஷாஃப்ட்டில் 23, 24, 25 பல் என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது, கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், மாற்றி அழுத்தினால் ஹார்ன் வீணாகும். அங்கேயே எண்ணினோம், 25. அதே அளவில் மெட்டல் கியர் சர்வோ ஒன்று வாங்கினேன்.

ஹார்னைப் போடும் முன் சர்வோவை நடுவில் நிறுத்த வேண்டும், அதாவது 1500 மைக்ரோசெகண்ட் சிக்னலில். 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி, எனவே ஹார்ன் சரியாக நேராக உட்காராமல் போகலாம். மிச்சத்தை லிங்க் நீளத்தில் சரிசெய்துவிட்டு, கடைசிச் சிறு வித்தியாசத்துக்கு மட்டும் ட்ரிம்மைத் தொட்டேன்.

மாட்டி ஓட்டினால் இரண்டு பக்கமும் அருமையாகத் திரும்பியது, அவனுக்கும் சந்தோஷம். ஆனால் முழுக்க இடது பக்கம் திருப்பும்போது ஒரு மெல்லிய ரீங்காரம். ஐந்து நிமிடத்தில் சர்வோவைத் தொட்டால் சுட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

சர்வோ வேலை செய்யும் விதத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். விநாடிக்குச் சுமார் 50 முறை சிக்னல் வருகிறது, எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்கிறது, உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகும்வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். இடையில் ஏதாவது தடுத்தால் அதற்குத் தெரியாது, முழு பலத்தோடு தள்ளும். ரிமோட்டில் எண்ட் பாயிண்டை, அதாவது ஒவ்வொரு பக்கமும் சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற அளவை, பார்த்தேன்: வலது 95, இடது 120! சக்கரம் தன் கடைசி எல்லையில் முட்டி நின்ற பிறகும் சர்வோ இன்னும் போகப் பார்த்திருக்கிறது. பழைய சர்வோவின் பல்லை இதுதான் பலநாளாக அரித்திருக்க வேண்டும், அந்தக் கல் கடைசி அடி.

காரைத் தரையில் வைத்து, ரீங்காரம் நிற்கும்வரை இடது எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன், 88இல் நின்றது. 85இல் வைத்தேன்.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. கல்லில் மோதினால் அந்த அடி சர்வோவுக்குப் போகாமல் தாங்கத்தானே சர்வோ சேவரில் ஸ்ப்ரிங் இருக்கிறது? கழற்றிப் பார்த்தால் அதன் நட்டு கடைசிவரை முறுக்கப்பட்டு, மேலே களிமண் காய்ந்து இறுகிப்போயிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து நட்டைத் தளர்த்தினேன். நின்ற இடத்தில் சர்வோ சக்கரத்தைத் திருப்ப முடிய வேண்டும், ஆனால் சக்கரத்தைக் கையால் பலமாக இழுத்தால் ஸ்ப்ரிங்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், ஹார்ன் அசையக் கூடாது. அந்த அளவுக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகு நிறைய ஓட்டிவிட்டோம். கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் மகனே சர்வோவைத் தொட்டுப் பார்த்து “சுடலப்பா” என்று சொல்கிறான். பழையதை நான் தூக்கிப் போடவில்லை, மோட்டாரும் சர்க்யூட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. எங்காவது அதற்குப் பொருந்தும் கியர் கிடைத்தால் போட்டுப் பார்ப்பேன்.