லான்கேர் ஃபோர்-பி: கேபின் சூடும் அழுத்தமும், இதுவரை செய்தது

லான்கேர் ஃபோர்-பி, கிட்டாக வாங்கிப் பூட்டும் சிறு விமானம். அதில் ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் சுவர்) இந்தப் பக்கம் காற்றுக் குழாய் வேலை ஒருவழியாக முடிந்தது. இந்த விமானத்தில், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ கம்ப்ரஸரிலிருந்து பிரிந்து வரும் காற்றுதான் கேபினுக்கு அழுத்தம், சூடும் அதிலிருந்தேதான். சாதாரண சிறு விமானங்களில் எக்ஸாஸ்ட்டைச் சுற்றிய உறையிலிருந்து சூட்டை எடுப்பார்கள், அதிகமானால் மூடிவிடலாம். இங்கே அப்படி மூட முடியாது, காற்றைக் குறைத்தால் அழுத்தமும் போய்விடும்.

24,000 அடியில் வெளியே சுமார் 393 ஹெக்டோபாஸ்கல், மைனஸ் 32 டிகிரி. உள்ளே 8,000 அடிக்குரிய 753 வேண்டும், அதாவது 5 பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். அந்த மெல்லிய காற்றை டர்போ மூன்று மடங்கு அழுத்தினால் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அதனால் காற்றுக்கு இரண்டு பாதை: ஒன்று அதைக் குளிர வைக்கும் சின்ன இன்டர்கூலர் வழியாக, இன்னொன்று நேராக. நடுவில் ஒரே கேபிளில் இயங்கும் தடுப்பு, ஒன்று திறந்தால் மற்றது அதே அளவு மூடும். மொத்தக் காற்று மாறாமல் சூடு மட்டும் மாற வேண்டும் என்பதுதான் குறி.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் சோனிக் நாசில், கேபினுக்குப் போகும் காற்றின் அளவுக்கு வரம்பு போடும் ஒடுங்கிய குழாய். கழுத்துப் பகுதியில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்குமேல் போகாது, கேபின் பக்கம் குழாயே கழன்றாலும் இன்ஜினுக்கான காற்று முழுவதும் அந்த வழியாகப் போய்விடாது. வெறும் துளையாக இருந்தால் கேபின் அழுத்தம், துளைக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தில் பாதியளவுக்கு இறங்கினால்தான் அந்த நிலை வரும், ஒடுங்கி அப்புறம் மெல்ல விரியும் வடிவத்தில் இறக்கம் அவ்வளவு வேண்டியதில்லை.

அடுத்து கசிவுச் சோதனை. கதவின் சீலை ஊதிவிட்டு, ப்ளோயரால் எல்லைக்கு ரொம்பக் கீழேயே அழுத்தம் ஏற்றி, ஒருவர் மானியிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்க, மற்றவர் வெளியே சோப்பு நீர் அடித்தோம். கதவு நன்றாக இருக்கிறது. ஃபயர்வாலில் வயர்கள் நுழையும் இடத்தில்தான் நுரை பொங்கியது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை: கேபின் காற்றை அளவாக வெளியே விடும், பின்னால் இருக்கும் அவுட்ஃப்ளோ வால்வு வரை போக வேண்டிய சூடான காற்று முன்னாலேயே வெளியேறினால், முன் இருக்கையில் வேர்க்கும், பின் இருக்கையில் குளிரும். இறங்கும்போது த்ராட்டிலைக் குறைத்தால் வரும் காற்றும் குறையும், கசிவு அதிகமுள்ள கேபின் அப்போது அழுத்தத்தைப் பிடித்து நிற்காது, காது வலிக்கும்.

சீலன்ட் பூசியாயிற்று, காய்ந்ததும் மறுபடி ஊதிப் பார்க்கிறோம். பின் இருக்கைக்குத் தனிக் குழாய் போடலாமா என்பதை அந்த அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.